பாய்லர் யுத்தமும் அயீஷாவும்

"மலரும் நினைவுகள் நிறைய வந்துவிட்டன, நீங்களாவது சரித்திரம் ஏதாவது எழுதுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி இந்த மலரில் குறைந்தது மூன்று பேராவது எழுதியிருப்பார்கள் என்பதால் நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஆனால் நான் சொல்லப்போவது ராஜாக்களின் சரித்திரம் அல்ல. பொறியியல் பட்டம் எதுவும் இல்லாமல், பட்டம் பெற்றவர்களுக்கும் பாடம் சொன்ன ஒரு இங்கிலாந்துக்காரரின் கதை. நம்மைப் போல் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பது என் அபிப்பிராயம்.

31 வருஷம் சர்க்கரை ஆலைகளில் பாய்லரோடு குடும்பம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எல்லோரும் கோயில் குளம் என்று கிளம்ப, நான் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய லேத்தைப் போட்டுக்கொண்டு குட்டி ரயில் எஞ்சின் கட்ட உட்கார்ந்தேன். பொம்மை அல்ல. நிஜமாகவே கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓடி, மேலே ஆளை உட்கார வைத்து இழுக்கும் எஞ்சின். ஆங்கிலத்தில் இதை 'லைவ் ஸ்டீம்' என்பார்கள். மேசை மேல் வைத்து அழகு பார்க்கும் மாடல்களிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்ட அந்தப் பெயர். இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரு பெயரில்தான் வந்து நிற்பார்கள். பெயர் என்றுகூடச் சொல்ல முடியாது, நான்கு எழுத்துக்கள். எல்.பி.எஸ்.சி.

அந்த எழுத்துக்கள் ஒரு ரயில்வே கம்பெனியுடையவை. லண்டனிலிருந்து தெற்கே பிரைட்டன் கடற்கரைக்கு ரயில் விட்ட 'லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வே'யின் முதலெழுத்துக்கள். நம் கதாநாயகர் வாலிப வயதில் அங்கே வேலை பார்த்தவர். 1883ல் பிறந்தவர். பிறந்தபோது வில்லியம் மாரிஸ் பெஞ்சமின். பிறகு குடும்பமே பெயரை மாற்றிக்கொண்டது. கடைசியில் அவர் நிலைத்த பெயர் லில்லியன் லாரன்ஸ். நண்பர்களுக்குச் சுருட்டை முடிக்காரர் என்ற பொருளில் 'கர்லி'. வாசகர்களுக்குக் கடைசிவரை எல்.பி.எஸ்.சி.தான். வேடிக்கை என்னவென்றால், 1923 ஜனவரி 1ஆம் தேதி இங்கிலாந்தின் ரயில் கம்பெனிகளை நான்கு பெரிய கம்பெனிகளாகச் சேர்த்தபோது அந்த பிரைட்டன் கம்பெனி சதர்ன் ரயில்வேயில் கரைந்து காணாமல் போய்விட்டது. அடுத்த வருஷம்தான் இவர் பத்திரிகையில் தொடர்ந்து எழுத ஆரம்பித்தார். செத்துப்போன கம்பெனியின் பெயரை இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது இந்த மனிதரின் பேனா.

இனி யுத்தத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் கொஞ்சம் பாய்லர் பாடம். சிவில் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1898ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் லண்டனில் 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வீட்டு ஒர்க்‌ஷாப்பில் சாமான் செய்து பார்க்கும் ஆட்களுக்கான பத்திரிகை. குமாஸ்தா, ஃபிட்டர், பள்ளி வாத்தியார், டாக்டர் என்று பலதரப்பட்டவர்களும் படித்தார்கள். அந்தக் காலத்தில் சின்ன எஞ்சின் என்றால் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்கில்தான் ஓடும். பாய்லர் உருளைக்குள் இன்னொரு உருளை, அதன் அடியில் வளைந்த சில நீர்க்குழாய்கள், கீழே வரிசையாகத் திரி விளக்குகள். தீயின் சுவாலை வெளியிலிருந்து குழாய்களைத் தழுவிக்கொண்டு போகும். செய்வது சுலபம், கடையில் விற்கவும் தோது. நார்த்தாம்ப்டன் ஊரின் பாசெட்-லோக் கம்பெனி மாடல் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. அவர்களுக்கு எஞ்சின்கள் வடிவமைத்துக் கொடுத்தவர் ஹென்றி கிரீன்லி. துறையில் அவர் வைத்ததுதான் சட்டம். இரண்டரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் சின்ன எஞ்சினுக்கு ஸ்பிரிட்டும் நீர்க்குழாய் பாய்லரும்தான் சரி, கரி எரிப்பதெல்லாம் அந்த அளவில் உருப்படாது என்பது பொதுவான எண்ணம்.

எல்.பி.எஸ்.சி. 'அதெல்லாம் இல்லை' என்றார். பெரிய எஞ்சினில் எப்படியோ அப்படியே சின்னதிலும் செய்யலாம். பின்பக்கம் கரி எரியும் தீப்பெட்டி, அதிலிருந்து உருளையின் தண்ணீருக்குள்ளே ஊடுருவிப் போகும் புகைக்குழாய்கள், முன்பக்கம் புகைப்பெட்டி, அதன் மேல் புகைபோக்கி. இதில் புது விஷயம் ஒன்றுமில்லை. 1829ல் ரெயின்ஹில் பந்தயத்தில் ஜெயித்த 'ராக்கெட்' எஞ்சினில் இருந்ததும் இதே தத்துவம்தான். அதில் 25 செம்புக் குழாய்கள். இவருக்கு முன்னாலேயே சிலர் சின்ன எஞ்சினில் கரி எரித்துக் காட்டியும் இருந்தார்கள். ஆனால் அது கைதேர்ந்த கலைஞர்களின் வித்தை, சாதாரண ஆளுக்கு எட்டாதது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு பாய்லருக்கும் உள்ள வித்தியாசத்தின் உயிர்நிலை எங்கே என்று கேட்டால், புகைபோக்கியில். எஞ்சின் சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி வெளியே போகும்போது சும்மா போவதில்லை. புகைப்பெட்டியின் நடுவில் ஒரு சிறு மூக்கு வழியாகப் பீறிட்டுப் புகைபோக்கிக்குள் பாயும். போகிற போக்கில் உள்ளே இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் குழாய்கள் வழியாகத் தீப்பெட்டியில் காற்று இழுக்கப்பட்டுக் கரி கனகனவென்று எரியும். 'குப் குப்' என்று நாம் கேட்ட சத்தம் அதுதான். குன்னூர் மலை ஏறும்போது அந்த எஞ்சின் இருமி இருமி ஏறியதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாரம் கூடினால் நீராவி அதிகம் செலவாகும். நீராவி அதிகம் போனால் இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் தீ கூடும். தீ கூடினால் நீராவி கூடும். கேட்ட வேலைக்குத் தகுந்தபடி தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு! இதைவிட எளிமையான தானியங்கிக் கட்டுப்பாட்டை நான் ஒரு ஆலையிலும் பார்த்ததில்லை. ஸ்பிரிட் விளக்குக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. பாரம் கூடினாலும் அது தன் பாட்டுக்கு அதே தீயைத்தான் தரும். காற்றடித்தால் அதுவும் போச்சு.

1922 வாக்கில் மாடல் எஞ்சினியர் பத்திரிகையில் இது பெரிய வாய்ச்சண்டையாக வெடித்தது. 'பாய்லர் யுத்தம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. கிரீன்லி ஒரு பக்கம், பெயர்கூடச் சொல்லாத ஒரு முன்னாள் ரயில்வே தொழிலாளி ஒரு பக்கம். அனுபவம், கம்பெனி பலம் எல்லாம் ஒரு தட்டில். மறுதட்டில் 'அயீஷா'.

அயீஷா என்பது எல்.பி.எஸ்.சி. தன் கையால் கட்டிய எஞ்சின். முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் நான்கு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு என்ற 4-4-2 'அட்லாண்டிக்' வகை. தண்டவாள அகலம் இரண்டரை அங்குலம், அதாவது நிஜ ரயிலில் கிட்டத்தட்ட 22ல் ஒரு பங்கு. தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே கரித் தீயும் புகைக்குழாய் பாய்லரும்.

வாதம் வளர்ந்து வளர்ந்து கடைசியில் 1924ல் மாடல் எஞ்சினியர் கண்காட்சியில் நேரடியாகவே பார்த்துவிடுவோம் என்றானது. பாசெட்-லோக் தரப்பிலிருந்து ஒரு எஞ்சின், இவர் தரப்பில் அயீஷா. ஜனங்கள் சுற்றி நின்று பார்க்க, கரி தின்ற அந்தக் குட்டி எஞ்சின் ஆட்களை உட்கார வைத்து இழுத்து ஓடிக் காட்டியது. யுத்தம் அதோடு தீர்ந்தது. பத்திரிகை ஆசிரியர் மார்ஷல் கெட்டிக்காரர். சண்டையில் ஜெயித்தவரையே கூப்பிட்டு, 'இதை எப்படிச் செய்வது என்று எல்லோருக்கும் எழுதுங்கள்' என்று பத்திரிகையில் இடம் கொடுத்தார்.

மடியில் வைக்கும் எஞ்சின் மனிதனை இழுக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இரும்புத் தண்டவாளத்தில் நல்ல பேரிங் போட்டு உருளும் வண்டியை இழுக்க அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விசை போதும். 70 கிலோ ஆளும் ஒரு பலகை வண்டியும் சேர்ந்தால் கேட்பது ஒன்றரை கிலோ இழுப்புதான். அது பெரிய காரியமில்லை. அதை நிற்காமல் தொடர்ந்து தருவதுதான் காரியம். அதற்குத்தான் பாய்லர்.

சரி, பெரிய எஞ்சினின் படத்தை எடுத்து எல்லா அளவையும் வகுத்துவிட்டால் சின்ன எஞ்சின் கிடைத்துவிடுமா? இங்கேதான் எல்.பி.எஸ்.சி.யின் நிஜமான மேதைமை. நம் வெப்பவியல் பேராசிரியர் கரும்பலகையில் நீளம், பரப்பு, கனம் என்று மூன்று வரி எழுதி, "இதை மறந்தவன் எஞ்சினியர் இல்லை" என்று சுண்ணாம்புக் கட்டியைத் தட்டுவாரே, ஞாபகமிருக்கிறதா? அதே விஷயம். 16ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பரப்பு 256ல் ஒன்று, கொள்ளளவு 4096ல் ஒன்று. தண்ணீரின் அளவோடு ஒப்பிட்டால் சூடேறும் பரப்பு 16 மடங்கு. அதனால் சின்னப் பாய்லர் சீக்கிரம் சூடாகும், அசந்தால் சீக்கிரம் ஆறியும் விடும். நிஜ எஞ்சினின் 2 அங்குலக் குழாயை அப்படியே சுருக்கினால் அரைக்கால் அங்குலம். அதில் ஒரு துளி சாம்பல் போனால் அடைத்துக்கொள்ளும். கரியையும் சாம்பலையும் வெப்பத்தையும் நாம் சுருக்க முடியாதே! ஆகவே குழாய் எண்ணிக்கையைக் குறை, விட்டத்தைக் கூட்டு. தோற்றத்தைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. இதை அவர் சமன்பாடு எதுவும் போடாமல் கைப்பழக்கத்திலேயே கண்டார். உள்ளே நிஜ எஞ்சினைப் போல் வேலை செய்ய வேண்டுமென்றால் நிஜ எஞ்சினின் அளவுகளைக் காப்பியடிக்கக் கூடாது. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டதுதான் அவருடைய வெற்றி.

1924லிருந்து பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். ஒரு எஞ்சினைப் பல மாதம் பகுதி பகுதியாக விளக்குவார். இந்த வாரம் சட்டம், அடுத்த வாரம் அச்சுப்பெட்டி, பிறகு சக்கரம், சிலிண்டர், வால்வு அமைப்பு, பம்பு, பாய்லர். படத்தையும் போட்டு, அதை எப்படிப் பிடித்து எப்படிக் கடைய வேண்டும் என்று பக்கத்து பெஞ்சில் நிற்கிற மேஸ்திரி மாதிரி சொல்லிக்கொண்டே போவார். உன்னிடம் அந்தக் கருவி இல்லையா, கவலைப்படாதே, இதை வைத்துச் சமாளி என்பார். நமக்கு முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு வாரம் அரம் போட்டு 'வி' பொருத்தம் செய்ய வைத்தார்களே, எதற்கு என்று யாராவது சொன்னார்களா? இவர் சொல்வார். அரம் போடுவதற்கு முன்னால், இந்தப் பரப்பு கோணலாக இருந்தால் அச்சு சிக்கும், அச்சு சிக்கினால் இணைப்புத் தண்டு முறியும் என்று காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுக்கச் சொல்வார்.

ஆணி எண்ணுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நிஜ எஞ்சினில் ரிவிட் எத்தனை, இதில் எத்தனை என்று பூதக்கண்ணாடியோடு வருபவர்களைக் கேலி செய்வதற்கென்றே 'இன்ஸ்பெக்டர் மெடிகுலஸ்' என்று ஒரு கற்பனை அதிகாரியை உருவாக்கி வைத்திருந்தார். நம் அலுவலக வாழ்க்கையில் அந்த இன்ஸ்பெக்டரைச் சந்திக்காதவர் யார்?

பாய்லர் செய்யும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். செம்புத் தகட்டை இரும்பு அச்சின் மேல் வைத்துத் தட்டி விளிம்பு மடிக்க வேண்டும். தட்டத் தட்டச் செம்பு முறுக்கேறிக் கெட்டிப்படும். அப்போது சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மறுபடி இளகும். எஃகைக் காய்ச்சி முக்கினால் கெட்டிப்படும், செம்பு அதற்கு நேர்மாறு. பாத்திரம் தட்டும் நம் ஊர்க் கன்னார்கள் எந்த உலோகவியல் புத்தகமும் படிக்காமல் பரம்பரையாகச் செய்கிற வேலை. பிறகு குழாய்களைச் செருகி, வெள்ளி கலந்த பற்றாசு வைத்து, புளோ லாம்ப் சீறச் சீற மொத்தத்தையும் சூடேற்றி ஓட்ட வேண்டும். ஒரு மூலை சூடு போதாவிட்டால் பற்றாசு ஓடாது. அதிகமானால் முன்பு வைத்த பற்றும் சேர்ந்து இளகும். முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு பம்பு அடித்துச் சோதிக்க வேண்டும். 80 பவுண்டில் ஓட வேண்டுமானால் 160. தண்ணீர் அழுத்தத்தில் விட்டுப்போனால் பீச்சாங்குழல் மாதிரி ஒழுகும், அவ்வளவுதான். நீராவியில் விட்டுப்போனால் சொல்ல வேண்டாம். நான் வேலையில் இருந்தபோது எங்களைக் கட்டியாண்ட 1923ஆம் வருஷத்து இந்திய பாய்லர் சட்டம் 22.75 லிட்டருக்குள் அடங்கும் பாத்திரத்தைத் திரும்பியே பார்க்காது. ஆகவே இந்தக் குட்டிப் பாய்லருக்கு அதிகாரி வந்து கையெழுத்துப் போட மாட்டார். இன்ஸ்பெக்டரும் நாமே, தண்டனை அனுபவிப்பவரும் நாமே!

அவருடைய வடிவமைப்புகளுக்குப் பெரும்பாலும் செல்லப் பெயர்கள்: மெய்சி, டோரிஸ், ஜூலியட், பான்சி. அமெரிக்கர்களுக்காக அவர்கள் பாணியில் வர்ஜீனியா. 1953ல் 'டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' என்ற படம் வந்தது. அதில் நடித்தது 1838ல் கட்டிய 'லயன்' என்ற நிஜ எஞ்சின். அதற்கும் ஒரு குட்டி வடிவம் கொடுத்தார். எல்லாவற்றிலும் புகழ் பெற்றது 'டிச்'. மூன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடும், நான்கே சக்கரம் கொண்ட குட்டை எஞ்சின். முதன்முதலாக லேத் தொடுகிறவர்களுக்கென்றே எழுதியது. இன்றும் புதிதாக வருபவர்கள் பலர் டிச்சில்தான் கைவைக்கிறார்கள். என் கொல்லையில் இருப்பதும் டிச்தான். ஐந்து வருஷமாகிறது. சட்டம், சக்கரம், சிலிண்டர் முடிந்து, கம்ப்ரஸர் காற்றில் ஓடியும்விட்டது. என் பேத்தி அன்று முழுக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பாய்லர் பாக்கி. தகடு வாங்கி வைத்திருக்கிறேன்.

கிரீன்லியை வில்லனாக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. மாடல் ரயில் அளவுகளை ஒழுங்குபடுத்தியதில் அவர் பங்கு பெரியது. 1927ல் கென்ட் கடற்கரையில் திறந்த ரோம்னி ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில்வேயின் எஞ்சின்களை வடிவமைத்தவர் அவர்தான். 15 அங்குலத் தண்டவாளத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு அது இன்றும் ஓடுகிறது. கடைக்கு வந்து பணம் கொடுத்து வாங்கி, வீட்டு வரவேற்பறையில் ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிட் விளக்கு எஞ்சின் ஒன்றும் மோசமான யோசனையும் அல்ல. அவர் வாங்குகிறவரை நினைத்து வடிவமைத்தார், இவர் கட்டுகிறவரை நினைத்து வடிவமைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்.பி.எஸ்.சி.யிடமும் குறை உண்டு. ஜெயித்த பிறகும் பல வருஷம் கிரீன்லியைக் குத்திக்கொண்டே இருந்தது பெருந்தன்மை அல்ல. தன் இளமைக் காலம் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கொஞ்சம் உப்பு மிளகாய் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எஞ்சின் பற்றி அவர் சொன்னதைச் செய்து பார்த்தால் ஓடுகிறது. அதுதானே நமக்கு வேண்டும்?

லண்டனுக்குத் தெற்கே பர்லியில் அவர் வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக ஒரு தண்டவாளப் பாதை போட்டிருந்தார். தான் எழுதியதை அதில் ஓட்டிப் பார்ப்பார். அவர் பெயர் சொல்லிக்கொண்ட பிரைட்டன் பாதையில் 1933 ஜனவரியிலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆக, அவர் நீராவி பற்றி எழுதிய காலத்தின் பெரும்பகுதியில் சொந்த ஊர்ப் பாதையிலேயே முக்கிய வண்டிகள் மின்சாரத்தில்தான் ஓடின. நடுவில் சில வருஷம் எழுதாமல் இருந்து, 1966ல் மறுபடியும் மாடல் எஞ்சினியருக்குத் திரும்பினார். 1967 ஜூலையில் தெற்குப் பிராந்தியத்தில் நீராவி எஞ்சின்களை அடியோடு நிறுத்தினார்கள். அதே வருஷம் நவம்பர் 4ஆம் தேதி, 84ஆம் வயதில் அவர் காலமானார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதானப் பாதைகளில் கடைசி நீராவி வண்டியை ஓட்டிவிட்டு அடுப்பை அணைத்தது. அவர் எழுதியதைப் படித்து எஞ்சின் கட்டியவர்கள் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல் கரிவாளியைத் தூக்கிக்கொண்டு கிளப் தண்டவாளத்துக்குப் போயிருப்பார்கள்.